தூக்கத்தில் எச்சில் வடிவது: வயிற்றுப் பூச்சியா, மூக்கடைப்பா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் உறுப்பினர்:

முதல் வகுப்பில் படிக்கும் என் மகனின் தலையணை உறை தினமும் காலையில் ஒரு பக்கம் முழுவதும் நனைந்திருக்கும். வயிற்றில் பூச்சி இருந்தால்தான் இப்படி ஒழுகும் என்று என் மாமியார் உறுதியாகச் சொன்னார். எங்கள் தெருவில் பலரும் அதையே நம்புகிறார்கள். பூச்சி மாத்திரை கொடுத்த பிறகும் எச்சில் வடிவது நிற்கவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்றபோது, அவர் வயிற்றைப் பற்றிக் கேட்காமல், பையன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறானா, குறட்டை விடுகிறானா என்றுதான் முதலில் கேட்டார். இரண்டுமே உண்டு. மூக்கின் பின்புறம் இருக்கும் அடினாய்டு சதை வீங்கி, மூச்சுப் போகும் வழியை அடைத்திருந்தது.

அவர் விளக்கியதை இங்கே பதிவு செய்வது பலருக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன். நம் வாயில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. விழித்திருக்கும்போது அதை நாம் அறியாமலேயே விழுங்கிக்கொண்டே இருக்கிறோம். தூங்கும்போது சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்றாலும், விழுங்குவதும் அரிதாகிவிடுவதால், ஆழ்ந்த உறக்கத்தில் பல நிமிடங்கள் ஒருமுறைகூட விழுங்காமல் இருக்கிறோம். மல்லாந்து படுத்தால் அது தொண்டைப் பக்கம் போய்விடும். ஒருக்களித்தோ குப்புறவோ படுத்து, தசைகள் தளர்ந்து, வாயும் திறந்திருந்தால் கடைவாய் வழியாக வெளியே வழிகிறது. ஆகவே எப்போதாவது நனைவது நோயே அல்ல. மூக்கில் அடிக்கும் மருந்தைத் தொடர்ந்து பயன்படுத்திய பின் என் மகன் வாயை மூடித் தூங்குகிறான், தலையணையும் பெரும்பாலும் உலர்ந்தே இருக்கிறது.

காசிமேட்டிலிருந்து ஓர் உறுப்பினர்:

என் அப்பாவுக்கும் எச்சில் வடியும். பலத்த குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று, பிறகு திணறலோடு திரும்பி வரும். பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் அயர்ந்துவிடுவார். தூக்கப் பரிசோதனையில் அது உறக்க மூச்சுத்தடை என்று தெரிந்தது. இரவில் முகக்கவசம் வழியாகக் காற்றைச் செலுத்தும் கருவியை இப்போது பயன்படுத்துகிறார். குறட்டையோடு சேர்ந்து வரும் எச்சிலை யாரும் அலட்சியப்படுத்தக் கூடாது என்பது என் வேண்டுகோள்.

வியாசர்பாடியிலிருந்து ஓர் உறுப்பினர்:

மேலே இருவரும் சொன்னது நாள்பட்ட தொந்தரவு. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு நேர்ந்ததோ வேறு. ஒருநாள் காலையில் எழுந்தபோது அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணி, அந்தப் பக்கத்தில் மட்டும் எச்சில் ஒழுகியது, பேச்சும் குழறியது. காற்று பட்டிருக்கும், எண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொன்னதைக் கேட்காமல், அவருடைய மகள் உடனே 108-ஐ அழைத்து ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அது பக்கவாதம். மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். தூக்கத்திலேயே தொடங்கியிருந்தால் எப்போது தொடங்கியது என்பதே தெரியாது என்பதால், எழுந்த பிறகு ஒரு நிமிடத்தையும் வீணாக்காதீர்கள்.