பெரிய தெருவில் பூட்டிக் கிடக்கும் தாத்தா கடை: அரசு உதவி ஏதாவது உண்டா?

அரசலாறு:

வணக்கம், கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். கும்பகோணம் பெரிய தெருவில் எங்கள் தாத்தாவின் பாத்திரக்கடை இருக்கிறது. கீழே கடை, பின்னால் கிடங்கு, மேலே மாடியில் நாங்கள் குடியிருந்தோம். எவர்சில்வர் வந்தபோதே பித்தளை வியாபாரம் இளைத்துவிட்டது, பெரியப்பா போனதும் பூட்டினோம், பதினான்கு வருடம் ஓடிவிட்டது. தேக்கு உத்திரம், அதன்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் தளம், தெருவைப் பார்த்து மரக்கிராதி வைத்த மாடித் தாழ்வாரம். நான் சின்னப் பையனாக இருந்தபோது அந்த வரிசையே அப்படித்தான் இருந்தது. இப்போது எங்களுக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி முகப்பு, நடுவில் எங்கள் கடை மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி.

ஒரு ஜவுளிக்காரர் மொத்தமாகக் கேட்கிறார். வாங்கினால் தரைமட்டம்தான், அதை அவர் மறைக்கவும் இல்லை. பாகஸ்தர்கள் பதினொரு பேர், ஒன்பது பேருக்குச் சம்மதம். எனக்கும் ஓர் அத்தைக்கும்தான் மனசு வரவில்லை.

என் கேள்வி இதுதான். அமெரிக்காவில் அரசின் மரபுப் பட்டியலில் உள்ள பழைய கட்டடத்தைச் செப்பனிட்டு வாடகைக்கோ தொழிலுக்கோ விட்டால், செலவில் 20 சதவீதத்தை அப்படியே வருமான வரியில் கழித்துக்கொள்ள விடுகிறார்கள், ஐந்து வருடத்தில் பிரித்து. ஆளில்லாமல் கிடந்த எத்தனையோ கடைத்தெருக் கட்டடங்கள் அதனால் பிழைத்தன என்கிறார்கள். நம் ஊரில் அப்படி ஏதாவது இருக்கிறதா? பக்கத்திலேயே தரங்கம்பாடியில் டேனிஷ் கவர்னர் மாளிகையை எடுத்துக்கட்டினார்களே, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? எங்களைப் போன்றவர்களுக்கு யார் கொடுப்பார்கள்?

பத்திரக்காரர் (மாயவரம்):

தம்பி, முப்பது வருடம் பத்திரம் எழுதினவன் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். நீங்கள் பணத்தைத் தேடுகிறீர்கள், முதலில் தேட வேண்டியது மூலப்பத்திரம்.

தரங்கம்பாடிக் கதை வேறு. அது அரசுச் சொத்து, டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகம் வந்து கைகொடுத்தது. 1620-இல் வந்து 1845-இல் வெள்ளைக்காரனுக்கு விற்றுவிட்டுப் போனவர்களுக்கு அந்த ஊர்மேல் இன்னும் பாசம் இருக்கிறது. பெரிய தெருப் பாத்திரக்கடைக்கு எந்த நாட்டு அருங்காட்சியகம் வரும்? உங்கள் ஊரிலேயே ராமானுஜன் வீட்டை ஒரு பல்கலைக்கழகம் வாங்கிக் காப்பாற்றியது. எல்லார் வீட்டிலும் ராமானுஜன் குடியிருந்திருக்க முடியுமா?

மத்திய அரசு 2015-இல் ஹிருதய் என்று மரபு நகரத் திட்டம் கொண்டுவந்து 12 ஊர்களை எடுத்தது. தமிழ்நாட்டில் காஞ்சிபுரமும் வேளாங்கண்ணியும். டெல்டாவில் வேளாங்கண்ணிக்கு வந்தது, தஞ்சாவூருக்கும் குடந்தைக்கும் வரவில்லை. வந்த ஊர்களிலும் அது சாலை, விளக்கு, கழிப்பறை என்று பொது இடத்துக்கான பணம், தனியார் வீட்டு உத்திரத்துக்கு அல்ல. வருமான வரியிலும் இதே ஓரவஞ்சனைதான். பழம்பெருமை உள்ளது என்று அறிவிக்கப்பட்ட கோயிலின் திருப்பணிக்கு நன்கொடை கொடுத்தால் பழைய வரிமுறையில் இருப்பவருக்கு வரிக் கழிவு உண்டு. அதே சந்நிதித் தெருவில் அதே வயதான கடையைச் செப்பனிட்டால் உங்கள் கைக்காசு. மாநிலத்தில் 2012-இல் மரபு ஆணையச் சட்டம் நிறைவேறியது, அதன்படி பட்டியலில் ஏறிய கட்டடத்தை அனுமதி இல்லாமல் கைவைக்க முடியாது. கட்டுப்பாடு மட்டும் வந்து காசு வராவிட்டால் என்ன நடக்கும்? பட்டியல் வருவதற்குள் இடித்துவிடுவோம் என்றுதான் நாலு பேர் நினைப்பார்கள். நான் குறை சொல்லவில்லை, ஊர் நடப்பைச் சொல்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மனை சொந்த மனையா, அடிமனையா? நம் பக்கத்துக் கோயில் ஊர்களில் பாதித் தகராறு இதில்தான். கட்டடம் உங்களுடையது, கீழே இருக்கும் மண் கோயிலுடையதோ மடத்துடையதோ என்று இருந்தால், அறநிலையச் சட்டம் 34-ஆம் பிரிவு வந்துவிடும். ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கே ஆணையர் அனுமதி வேண்டும். எந்த பேங்க் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு கடன் கொடுக்கும்? அந்த ஜவுளிக்காரர் எதை வாங்குவதாகச் சொல்கிறார் என்பதையும் அப்போது பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்தது பதினொரு பேர். தாத்தா சுயமாகச் சம்பாதித்து உயில் இல்லாமல் போயிருந்தால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகள்களுக்கும் சம பங்கு. பூர்வீகம் என்றால் அதிலும் மகள்களுக்குப் பங்கு கொடுத்த தமிழ்நாட்டின் 1989 திருத்தம், அப்புறம் மத்திய அரசின் 2005 திருத்தம் இரண்டையும் வைத்துக் கணக்குப் போட வேண்டும். அத்தைகளிடம் அந்தக் காலத்தில் வெள்ளைத்தாளில் வாங்கின கையெழுத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். அரசு உதவி கேட்டீர்களே, ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, யாரும் அதை உதவி என்று சொல்வதில்லை. குடும்பத்துக்குள் பாகப்பிரிவினை, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. ஆனால் குடும்பம் என்பதற்குச் சட்டத்தில் தனி விளக்கம் இருக்கிறது, உங்கள் பதினொரு பேரும் அதற்குள் வருகிறார்களா என்று உள்ளூரில் ஒருவரிடம் காட்டிக்கொள்ளுங்கள். கோர்ட்டுக்கே போனாலும், பிரிக்க முடியாத சொத்தை விற்கலாம் என்று ஒரு பங்காளி கேட்டால், மற்றவர் மதிப்புப் போட்டு அந்தப் பங்கை வாங்கிக்கொள்ள 1893 பாகப்பிரிவினைச் சட்டம் வழிவிடுகிறது. நீங்களும் அத்தையும் சேர்ந்து அதற்குத் தயாரா என்பதுதான் கேள்வி.

வரி_கட்டுகிறவன்:

எனக்கு ஒன்று புரியவில்லை. பதினான்கு வருடம் பூட்டி வைத்தவர்கள் நீங்கள், அதற்கு ஊரார் வரிப்பணம் எதற்கு? அந்தக் கிராதியும் தாழ்வாரமும் ஒருநாள் மழையில் சரிந்து, கீழே பூ விற்கிற அம்மா தலையில் விழுந்தால் யார் பொறுப்பு? எங்கள் தெருவில் அப்படி ஒரு பழைய சுவர் விழுந்தது, நல்லவேளை ராத்திரி நேரம். பழசு என்பதாலேயே எல்லாம் புனிதம் ஆகிவிடாது அண்ணே. கொடுக்கிற ஆள் இருக்கும்போது கொடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

சுண்ணாம்புக்காரன் (திருவையாறு):

வரி கட்டுகிறவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அந்தக் கட்டடம் விழப்போவது வயசாகிவிட்டதால் அல்ல, தண்ணீரால்.

நான் கட்டட வேலைக்காரன், படிப்பு டிப்ளமோதான், பழைய தளம் நிறையப் பிரித்திருக்கிறேன். மெட்ராஸ் டெரஸ் என்றால் தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்தாக, சாய்வாட்டமாகச் சுண்ணாம்பில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லிக் காரை போட்டு, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்துத் தெளித்து நாள் கணக்காக மரக்கட்டையால் அடித்து, கடைசியில் தட்டோடு பதிப்பது. ஒழுங்காகப் போட்டது நூறு வருடம் நிற்கும். அதைக் கொல்வது மூன்று சங்கதி. ஒன்று, மழைநீர்த் தூம்பு அடைத்துக்கொண்டு தண்ணீர் சுவரில் இறங்குவது. கட்டையின் நடுப்பாகம் கல் மாதிரி இருக்கும், சுவருக்குள் புதைந்த முனை மட்டும் மக்கிப்போகும், அங்கேதான் தளம் இறங்கும். நடுவில் தட்டிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்கிற எஞ்சினியரை நம்பாதீர்கள், முனையில் குத்தூசி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு, அரசங்கன்று. மேலே வெட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள், வேர் உள்ளே தடித்துக்கொண்டே போகும். வேரோடு எடுத்துச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். மூன்று, புண்ணியம் என்று நினைத்துச் செய்கிற சிமெண்டுப் பூச்சு. கீழே இருந்து ஏறுகிற ஓதம், அதாவது ஈரம், சுண்ணாம்புச் சுவரில் மூச்சுவிட்டுக் காய்ந்துவிடும், சிமெண்டு போட்டால் உள்ளேயே தங்கிச் செங்கல்லைப் பொரியவைக்கும்.

ஓதம் என்றதும் ஞாபகம் வருகிறது. நீங்கள் கடைப் படி எத்தனை ஏறுவீர்கள் சிறுவயதில்? இப்போது எத்தனை? நம் ஊர்களில் ரோடு மேலேயே ரோடு போட்டுப் போட்டுத் திண்ணைகள் ரோட்டுக்குக் கீழே போய்விட்டன. தெருத்தண்ணீர் மொத்தமும் பழைய கட்டடத்துக்குள்தான் வருகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு போட்டால் போதும், ஒரு கடைத்தெருவே காய்ந்துவிடும். மானியம் கீனியம் எல்லாம் அப்புறம். பொதுப்பணத்தால் தனியார் கட்டடத்தைக் கெடுத்துக்கொண்டே அதைக் காப்பாற்றப் பொதுப்பணம் எதற்கு என்று கேட்பது வேடிக்கையாக இல்லையா?

உங்களுக்கு நான் சொல்வது: முழுதாகப் புதுப்பிக்கிற கனவை இப்போது விடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் தூம்பைத் திறந்து, கன்றை எடுத்து, மக்கின முனைகளுக்குக் கீழே இரும்புத் தாங்கல் கொடுத்து, முன் தாழ்வாரத்துக்கு முட்டுக் கொடுங்கள். பூக்கார அம்மாவும் பத்திரம், கட்டடமும் நாலைந்து வருடம் தாங்கும். அதற்குள் உங்கள் பதினொரு பேர் பேசி முடியுங்கள்.

அரசலாறு:

படி விஷயம் சரியாகச் சொன்னீர்கள் அண்ணே. தாத்தா காலத்தில் மூன்று படி ஏறுவோம், இப்போது ஒரு படி இறங்க வேண்டும். இதுவரை இதை நான் யோசித்ததே இல்லை.

நாகூர்_பினாங்கு:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கள் பாட்டனார் நாகூர், நாங்கள் மூன்று தலைமுறையாகப் பினாங்கு. இங்கே ஜார்ஜ் டவுன் சூலியா தெருவில் ஒரு நாகூர் தர்கா இருப்பது சிலருக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் கேட்கிற மாதிரி உதவி இங்கே நிஜமாகவே நடந்தது, அதனால் நல்லதையும் கெட்டதையும் சொல்கிறேன்.

இங்கே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 தொடக்கத்தில் முடிந்தது. சொற்ப வாடகையில் தலைமுறையாக இருந்தவர்கள் ஒரே மூச்சில் வெளியேற, கடைவீடுகள் காலியாகக் கிடந்தன. பலர் மாடியில் உழவாரன் குருவியைக் கூடு கட்டவிட்டு அந்தக் கூட்டைச் சமையலுக்கு விற்றார்கள், ஈரமும் எச்சமும் சேர்ந்து கட்டடமே நாசம். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் ஏறியது. மறுவருடம் திங்க் சிட்டி என்ற அரசுசார் அமைப்பு இரண்டு கோடி ரிங்கிட்டோடு மானியம் கொடுக்க ஆரம்பித்தது. முழுச் செலவையும் கொடுக்கவில்லை, சொந்தக்காரர் ஒரு பங்கு போட்டால் அவர்கள் ஒரு பங்கு. நிறையக் கட்டடம் நிமிர்ந்தது, பொய் இல்லை. ஆனால் பெயர் வந்ததும் வாடகை ஏறி, இங்கே பிரம்பு முடைந்தவர் போன்ற கைத்தொழில் ஆட்கள் போய் காபிக் கடையும் தங்கும் விடுதியும் வந்தன. சுவர் பிழைத்தது, தெரு மாறிவிட்டது.

அங்கேயே பாண்டிச்சேரி இருக்கிறது, எங்களை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். வைசியாள் வீதியில் வீட்டுக்காரர் பாதி, சீரமைப்புத் திட்டம் பாதி என்று போட்டு முகப்புகளைச் சரிசெய்தார்கள், ஐரோப்பிய ஒன்றியப் பணம் வந்தது, இன்டாக் என்ற மரபுக் காப்பு அமைப்பு முன்நின்று செய்தது, 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருதும் கிடைத்தது. அதில் எனக்குப் பிடித்தது, ஒரு வீட்டை எடுக்காமல் ஒரு தெருவை எடுத்தது. உங்கள் கடை ஒன்று மட்டும் அழகாக நின்றால் அது கண்காட்சிதான். உங்கள் வரிசையில் பழைய கட்டடம் வேறு எத்தனை மீதி இருக்கிறது?

வரி_கட்டுகிறவன்:

பாதி சொந்தக்காரர் போடுவது என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. கூடவே ஒரு நிபந்தனை வேண்டும், இத்தனை வருடத்துக்குள் விற்றால் மானியத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று. இல்லாவிட்டால் நம் பணத்தில் பாலிஷ் போட்டு ஜவுளிக்கடைக்கே விற்பார்கள்.

அரசலாறு:

அந்த அமெரிக்க ஏற்பாட்டிலேயே அது இருக்கிறது சார், ஐந்து வருடத்துக்குள் விற்றால் கழிவில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

எல்லோருக்கும் நன்றி. நேற்று தெருவில் நடந்து எண்ணினேன். மரத் தாழ்வாரத்தோடு எங்களையும் சேர்த்து ஐந்து, அதில் இரண்டு பூட்டு. மற்ற நான்கு பேரிடமும் பேசிப் பார்க்கிறேன், ஐந்து பேர் சேர்ந்து ரோட்டைச் சுரண்டச் சொல்லி மனுக் கொடுத்தாலாவது ஒரு காதில் விழும். அத்தை தன் பங்கைத் தவிர இன்னொரு பங்கையும் வாங்கத் தயார் என்கிறார். மூலப்பத்திரம் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது, சொந்த மனைதான், அடிமனை இல்லை. அந்த ஜவுளிக்காரரிடம் தை வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

சுண்ணாம்புக்கார அண்ணே, ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு பார்வை பார்க்க முடியுமா? சாப்பாடு நம் வீட்டில். கடைச் சாவி எந்தச் சித்தப்பாவிடம் இருக்கிறது என்பதில் மட்டும் இப்போது ஒரு சின்னத் தகராறு, அதற்குள் முடிந்துவிடும்.

சுண்ணாம்புக்காரன் (திருவையாறு):

வருகிறேன். சாவி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்துக் கடை மாடியில் ஏற விடுவார்களா என்று மட்டும் கேட்டு வையுங்கள், தூம்பை அங்கிருந்தே பார்த்துவிடலாம்.