ஆறு விசில் விட்டும் துவரம்பருப்பு வேகவில்லை

மாடிவீடு:
திருநெல்வேலியிலிருந்து சென்னைப் புறநகருக்குக் குடிவந்திருக்கிறோம். அங்கே மூன்று விசிலில் குழைந்த துவரம்பருப்பு, இங்கே ஆறு விசில் விட்டாலும் முழித்துக்கொண்டு நிற்கிறது. மத்தால் கடைந்தாலும் சாம்பாரில் பருப்பு தனி, தண்ணீர் தனி. கேஸ்கெட் மாற்றியும் பயனில்லை. புதுக் குக்கர் வாங்கிவிடலாமா?

வத்தக்குழம்பு:
வாங்காதீர்கள். விசில் ஒழுங்காக வந்து சோறும் வேகிறது என்றால் குக்கர்மேல் பழியில்லை. கடைக்காரர் பழைய பருப்பைத் தள்ளியிருப்பார். வெக்கையிலும் ஈரத்திலும் பல மாதம் கிடந்த பருப்பு லேசில் வேகாது. ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா போடுங்கள், குழைந்துவிடும்.

கிணற்றடி:
சோடா வேண்டாம் அக்கா. குழையும்தான், ஆனால் பருப்பிலுள்ள பி1 வைட்டமின் வீணாகும், அளவு கூடினால் சோப்பு வாடையும் வரும். மாடிவீட்டுக்காரரே, வேகவைப்பது போர்த் தண்ணீரிலா? பருப்புடன் வேறென்ன போடுகிறீர்கள்?

மாடிவீடு:
போர்த் தண்ணீர்தான், குடிக்க மட்டும் கேன். பருப்போடு இரண்டு தக்காளி, மஞ்சள்தூள், பெருங்காயம், கொஞ்சம் எண்ணெய். அவசர நாளில் புளிக்கரைசலும் சேர்ந்தே போகும். ஊரிலும் இப்படித்தான் வைத்தேன், அங்கே வெந்ததே?

கிணற்றடி:
அங்கே தண்ணீர் கை கொடுத்திருக்கும். பருப்பின் செல்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. அது கரைந்தால்தான் பருப்பு மலரும். போர்த் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் அதைக் கரையவிடாமல் இறுக்கிவிடும். தக்காளி, புளியின் புளிப்பும் அதைக் கரையவிடாது. உங்கள் பருப்புக்கு இரண்டு பக்கமும் இடி. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500, இந்தக் கால்சியமும் மக்னீசியமும் தரும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கிறது.

ஊகம் எதற்கு, சோதித்துவிடுங்கள். ஒரே குக்கரில் இரண்டு கிண்ணம், ஒரே பருப்பு. ஒன்றில் கேன் தண்ணீர், மற்றதில் போர்த் தண்ணீர். தக்காளி, புளி கூடாது. இரண்டுமே வேகாவிட்டால் அக்கா சொன்னதுபோல் பருப்புதான் பழசு.

உப்புப் போட்டால் பருப்பு வேகாது என்று அடுத்து யாராவது வருவார்கள். நம்பாதீர்கள். உப்பிலுள்ள சோடியம் கால்சியத்தை விலக்கி அந்தப் பசையைத் தளர்த்தவே செய்யும்.

மாடிவீடு:
கேன் தண்ணீர்ப் பருப்பு கரண்டி பட்டதும் மசிந்தது. போர்த் தண்ணீர்க் கிண்ணத்தில் தக்காளி இல்லாமலும் பாதி வேக்காடுதான். ஆனால் தினமும் கேன் தண்ணீர் கட்டுப்படியாகுமா?

கிணற்றடி:
கழுவப் போர்த் தண்ணீரே போதும். அரை மணி நேரம் ஊறவைக்கவும் வேகவைக்கவும் மட்டும் கேன். ஒரு டம்ளர் பருப்புக்கு மூன்று டம்ளர் ஆகும், அவ்வளவுதான். தக்காளியும் புளியும் பருப்பு வெந்தபிறகு. கேன் தீர்ந்த நாளில் போர்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறியதும் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். கடினம் ஓரளவு குறையும், முழுதும் போகாது.

வத்தக்குழம்பு:
தம்பி, என் அலுமினியக் குக்கர் உள்ளே கறுத்துக் கிடப்பதும் இந்தத் தண்ணீரால்தானா?

கிணற்றடி:
பெரும்பாலும் அதனால்தான் அக்கா. கறுப்பு மறையும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, பிழிந்த எலுமிச்சைத் தோல்களைப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டுத் தேயுங்கள். இனிமேல் கிண்ணம் வைத்து வேகவைக்கும்போது அடித்தண்ணீரில் ஒரு தோலைப் போட்டுவிடுங்கள், கறுக்காது.