"செக்பொயின்ற்" என்பதற்குக் கலைச்சொல்: பொயிங்க் கையேட்டுக்காக

கோண்டாவில்:

வணக்கம். வீட்டுக் கணினியின் கணிப்புத் திறனை அறிவியல் ஆய்வுத் திட்டங்களுக்குக் கொடுக்கும் பொயிங்க் (BOINC) என்ற மென்பொருளை ஓட்டுபவர்களுக்கான தமிழ்க் கையேட்டில் ஒரு சொல் இன்னும் இழுபடுகிறது. "செக்பொயின்ற்". இப்போதைய வரைவில் "சரிபார்ப்புப் புள்ளி" என்று போட்டிருக்கிறது.

சொல்லுக்கு முதல் பொருளைப் பார்ப்போம். பொயிங்க் இறக்கித் தரும் ஒரு வேலை நாலு மணித்தியாலமும் ஓடலாம், நாப்பது மணித்தியாலமும் ஓடலாம். ஓடும் நிரல் இடைக்கிடை, அதுவரை கணித்ததை வன்தட்டில் ஒரு கோப்பாக எழுதிவைக்கும். கணினி அணைந்தால் அடுத்தமுறை அந்தக் கோப்பை வாசித்துத் தொடரும். கோப்பு ஒன்றுமே எழுதப்படாமல் அணைந்தால் பூச்சியத்திலிருந்துதான். இங்கே கரண்ட் சொல்லிக்கொண்டு போவதில்லை, ஆகவே கையேட்டில் அடிக்கடி வரப்போவது இந்தச் சொல்.

வரைவைப் படித்தவர்கள் கேட்பது இது: "சரிபார்ப்புப் புள்ளியில் பிழை இருந்தால் வேலையைத் தள்ளிவிடுமா?" அப்படி ஒன்றும் அங்கே நடப்பதில்லை. சொல்தான் அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கிறது. வேறு என்ன போடலாம்?

சுன்னாகம்:

"சரிபார்ப்பு" என்ற சொல்லை இங்கே செலவழிக்க வேண்டாம், இன்னோரிடத்துக்கு அது கட்டாயம் தேவை. பல திட்டங்கள் ஒரே வேலையை வேறு வேறு ஆட்களின் இரண்டு கணினிகளுக்கு அனுப்புகின்றன. இரண்டு விடையும் ஒத்துவந்தால் சேவையகம் ஏற்றுக்கொள்ளும், ஒத்துவராவிட்டால் மூன்றாவது கணினிக்கு அதே வேலை போகும். சரிபார்ப்பு என்பது அதுதான். அது நடப்பது சேவையகத்தில்.

நாங்கள் பெயர் தேடும் விடயம் வீட்டு வன்தட்டில் நடக்கிறது, எதையும் சரிபார்ப்பதில்லை. சூடேறிய செயலி பிழையான எண்ணைக் கணித்தால், அந்தப் பிழையான எண்ணையே அச்சொட்டாக எழுதிவைக்கும். பிறகு சேவையகம் "செல்லாது" என்று திருப்பும்போதுதான் தெரியவரும். சித்திரை, வைகாசி வெக்கையில் வீட்டுக் கணினிகளில் "செல்லாது" கூடினால் முதலில் பார்க்க வேண்டியது விசிறித் தூசியும் வெப்பநிலையும்.

அதையொட்டி ஒன்று. சூட்டைக் குறைக்க வரைவில் "செயலி நேரத்தில் 50 வீதம்" என்று வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அதை மாற்றுங்கள். அந்தத் தெரிவு செயலியைக் கொஞ்ச நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் நிறுத்தும், திரும்ப ஓடவிடும். வெப்பநிலை ஏறி இறங்கி ஆடும், விசிறியும் கூடவே ஆடும். அதற்குப் பதில் அதன் மேலுள்ள "செயலிகளில் எத்தனை வீதம்" என்பதைக் குறைக்க வேண்டும். நாலு கோர் உள்ளதில் 50 என்று வைத்தால் இரண்டு வேலை மட்டும் ஓடும், சூடு ஒரே மட்டத்தில் நிற்கும்.

கோப்பாய்:

ஆங்கிலச் சொல்லைப் பிரித்து மொழிபெயர்த்தால் வருவது "சோதனைச் சாவடி". யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லை எழுதிவிட்டுக் கணினியைப் பற்றி யாரும் கதைக்க முடியாது. அதை விட்டுவிடுவோம்.

"மீட்புப் புள்ளி" என்று ஒருவர் முன்பு எழுதியிருந்தார். விண்டோஸில் அமைப்பைப் பழைய நாளுக்குக் கொண்டுபோகும் வசதிக்கு ஏறக்குறைய அதே பெயர் இருக்கிறது. ஆட்கள் அங்கே போய்த் தேடுவார்கள்.

என் முன்மொழிவு சாதாரணச் சொல்தான்: "விட்ட இடம்". "வேலை விட்ட இடத்திலிருந்து தொடரும்." சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். கலைச்சொல் என்றால் கட்டாயம் கூட்டுச்சொல்லாக இருக்க வேண்டும் என்று இல்லை.

பருத்தித்துறை:

ஐயா, சொல் வடிவானது. ஆனால் பொருள் பிழைக்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடராது என்பதைச் சொல்லத்தான் இந்தச் சொல்லே வேண்டியிருக்கிறது. கடைசியாக எழுதிய இடத்திலிருந்து தொடரும். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் நேரம்தான் கரண்ட் போகும்போது இழப்பது.

அந்த நேரத்தைக் கண்ணால் பார்க்கலாம். பொயிங்க் மேலாளரில் மேம்பட்ட காட்சிக்குப் போய், வேலைகள் தாவலில் ஒரு வேலையைத் தெரிந்து, இடப்பக்கம் உள்ள பண்புகள் பொத்தானை அழுத்தினால் "செயலி நேரம்" என்று ஒரு வரி, அதோடு "கடைசிச் செக்பொயின்றுக்குப் பிறகான செயலி நேரம்" என்று இன்னொரு வரி. இரண்டாவது வரியில் 40 நிமிடம் நின்றால், இப்போது அணைத்தால் அந்த 40 நிமிடமும் போகும். இரண்டு வரியும் ஒரே எண்ணைக் காட்டினால் அந்த வேலை இன்னும் ஒருதரமும் எழுதவில்லை. மின்வெட்டு நேரம் அறிவிக்கப்பட்ட நாட்களில் இதைப் பார்த்துவிட்டு அணைப்பது நல்லது. அணைக்கும்போது சாளரத்தின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் சாளரம் மட்டும்தான் மூடும், வேலைகள் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். கோப்புப் பட்டியலில் "வெளியேறு" என்று கொடுத்து, ஓடும் வேலைகளையும் நிறுத்தும் கட்டத்தைத் தெரிவு செய்ய வேண்டும்.

"60 செக்கனுக்கு ஒருமுறை எழுதும்" என்று வரைவில் இருப்பதும் பிழை. 60 என்பது கீழ் எல்லை. அதைவிட அடிக்கடி எழுத வேண்டாம் என்றுதான் அந்தத் தெரிவு நிரலிடம் கேட்கிறது. எழுதக்கூடிய கட்டத்துக்கு நிரல் வந்துசேர அரை மணித்தியாலம் எடுத்தால் அரை மணித்தியாலம்தான். புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ரொசெற்றா போன்ற திட்டங்களில், ஒரு புரத மாதிரியைக் கட்டி முடித்த பிறகு எழுதும் வேலைகள் உண்டு. எந்த வேலை எப்போது எழுதுகிறது என்று அறிய வேண்டுமென்றால் கொன்ரோல், ஷிப்ற், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பொயிங்க்கின் நிகழ்வுப் பதிவேட்டுத் தெரிவுகள் திறக்கும். அதில் "செக்பொயின்ற் டீபக்" என்பதைத் தெரிவு செய்தால் ஒவ்வொரு தடவை எழுதும்போதும் பதிவேட்டில் ஒரு வரி விழும்.

இன்னொரு குழி. இடைநிறுத்தும்போது வேலையை நினைவகத்தில் வைத்திருக்கும் தெரிவைப் போடாவிட்டால், கரண்ட் போகாமலே இழப்பு வரும். கணினியை யாரும் பாவிக்கும்போது பொயிங்க் ஒதுங்கட்டும் என்று வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: ஒவ்வொரு ஒதுங்கலிலும் வேலை நினைவகத்திலிருந்து நீங்கும், திரும்பி வரும்போது பழைய கோப்பிலிருந்துதான் தொடங்கும். நாள் முழுக்க ஓடியும் வீதம் நகரவில்லை என்ற முறைப்பாட்டில் பாதி இதனால் வருவதுதான். தெரிவைப் போட்டால் நினைவகம் கொஞ்சம் பிடிக்கும், 8 ஜிபி உள்ள கணினியில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. கிராஃபிக்ஸ் அட்டையில் ஓடும் வேலைகளுக்கு இந்தத் தெரிவு பொருந்தாது, நிறுத்தினால் அவை எப்படியும் நீங்கும்.

சாவகச்சேரி:

பருத்தித்துறைத் தங்கச்சி சொன்னதை வைத்துப் பார்த்தால் சொல்லில் இரண்டு விடயம் வர வேண்டும்: ஒன்று நிலை, மற்றது சேமித்தல். "நிலைச்சேமிப்பு" என்று போட்டால் என்ன?

இதையும் கையேட்டில் சேருங்கள். சேமிப்பு என்பது எல்லா வேலைக்கும் ஒரே அளவு அல்ல. சேர்ன் என்ற அணுத்துகள் ஆய்வுகூடத்தின் எல்எச்சி திட்டத்தில் சில வேலைகள், கணினிக்குள் இன்னொரு மாயக் கணினியை ஓட்டும் விர்ச்சுவல் பொக்ஸ் மென்பொருளுக்குள் ஓடுகின்றன. அவை வெளியேறும்போது அந்த மாயக் கணினியின் முழு நினைவகமும் வன்தட்டுக்கு இறங்க வேண்டும். மூன்று வேலை, ஒன்றுக்கு 2 ஜிபி என்று கணக்கு வைத்தால் 6 ஜிபி. செக்கனுக்கு 100 எம்பி எழுதும் பழைய வன்தட்டில் அதற்கே ஒரு நிமிடம். அதற்குள் விண்டோஸ் பொறுமை இழந்து எல்லாவற்றையும் வெட்டிவிடும். அடுத்த நாள் "மாயக் கணினியைக் கையாள முடியவில்லை, பிறகு தொடங்கப்படும்" என்ற கருத்தில் ஒரு வரியோடு வேலை ஒரு நாள் தள்ளிப்போய்க் கிடக்கும். ஆகவே முதலில் பொயிங்க்கை விட்டு வெளியேற வேண்டும், வன்தட்டு விளக்கு அடங்கும் வரை பொறுக்க வேண்டும், பிறகுதான் கணினியை அணைக்க வேண்டும். கரண்ட் அடிக்கடி போகும் வீட்டில் இந்த வகை வேலையையே எடுக்காமல் விடுவது இன்னும் நல்லது. ஒக்ஸ்போர்டின் காலநிலைத் திட்டமும் அப்படித்தான், ஓட்டம் நீளம், இடையில் வெட்டினால் பிடிக்காது.

யுபிஎஸ் வாங்குபவர்களுக்கு: யுஎஸ்பி வயரால் கணினியோடு பேசக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். அப்போது விண்டோஸ் அதை ஒரு பற்றறியாகக் காணும், "பற்றறியில் ஓடும்போது நிறுத்து" என்ற பொயிங்க் தெரிவு தானாக வேலை செய்யும், சுமை குறையும், யுபிஎஸ் கூடுதல் நேரம் தாங்கும். வயர் இல்லாத மலிவான 650 விஏ பெட்டி கரண்ட் போனதைக் கணினிக்குச் சொல்லாது. பொயிங்க் முழு வேகத்தில் ஓடிப் பற்றறியை வெறுமையாக்கும்.

கோப்பாய்:

"விட்ட இடம்" வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "நிலைச்சேமிப்பு" என்றவுடன் எனக்கு வங்கிதான் ஞாபகம் வருகிறது. நிலையான வைப்பு, சேமிப்புக் கணக்கு இரண்டையும் கலந்து வைத்தது போல. வட்டி எத்தனை வீதம் என்று கேட்பார்கள்.

எழுதுவதைவிடத் திரும்பி வருவதைச் சொல்லும் சொல் நல்லது. எழுதுவது நிரலின் பாடு. ஆளுக்குத் தெரிய வேண்டியது எந்த இடத்துக்குத் திரும்புவோம் என்பது. "மீள்நிலை" என்று வைக்கலாமா? மீள்கின்ற நிலை, வினைத்தொகை. "மீள்" நமக்குப் பழகிய முன்சொல்: மீள்குடியேற்றம், மீள்பதிவு, மீள்நிரப்பு.

சுன்னாகம்:

கலைச்சொல்லைத் தனியே வைத்து ரசிப்பதில் பயனில்லை, வாக்கியத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்த்தேன்:

"இந்த வேலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை மீள்நிலை எழுதும்."
"கடைசி மீள்நிலைக்குப் பிறகான செயலி நேரம்: 11 நிமிடம்."
"மீள்நிலை இடைவெளியை 60 இலிருந்து 600 செக்கனாகக் கூட்டலாம்."
"மீள்நிலைக் கோப்பு பழுதானால் வேலை பிழையோடு முடியும்."

நாலும் நிற்கின்றன. வேற்றுமை உருபு ஏறுகிறது, பெயரடையாக வருகிறது, "எழுது" என்ற வினையோடு சேர்கிறது. "நிலைச்சேமிப்பைச் சேமி" என்று வரும் சங்கடம் இதில் இல்லை. என் வாக்கு "மீள்நிலை"க்கு.

மூன்றாவது வாக்கியத்துக்கு விளக்கம்: அடிக்கடி எழுதினால் எஸ்எஸ்டி வன்தட்டு தேயும் என்று பயப்படுபவர்கள் இடைவெளியைக் கூட்டுகிறார்கள். 600 செக்கன் என்று வைத்து நாலு வேலை ஓடினால், அடிக்கடி எழுதக்கூடிய வேலைகளில் கரண்ட் போகும்போது இழப்பது கூடினால் ஏறக்குறைய 10 நிமிடம் தரம் நாலு, 40 செயலி நிமிடம். தாங்கக்கூடியதுதான். 3600 என்று வைத்துவிட்டுக் குறை சொல்லக் கூடாது.

இனி முக்கியமான ஒன்று. "மீள்நிலை"யை ஏற்றால் திட்டத்தின் "றீசெற்" பொத்தானுக்கு வரைவில் உள்ள "மீட்டமை"யைக் கட்டாயம் எடுக்க வேண்டும். மீள், மீட்பு, மீட்டமை எல்லாம் ஒரே குடும்பம் போலக் காதில் விழும். வேலை தடைப்பட்டால் "மீட்டமை"யை அழுத்தினால் மீளும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நடப்பது நேர் எதிர். அந்தத் திட்டத்தின் எல்லா வேலைகளும், மீள்நிலைக் கோப்புகளும், நிரல் கோப்புகளும் அழிந்து, புதிதாக இறக்கத் தொடங்கும். முடிந்தும் அனுப்பாமல் கிடக்கும் வேலை இருந்தால் அதுவும் போகும். திரும்ப இறக்குவதால் இணைய டேற்றாவும் போகும்.

"துடைத்துத் தொடங்கு" என்று போடுங்கள். அழகில்லை, ஆனால் விரல் பொத்தானில் வைக்க முதல் ஒருதரம் யோசிக்கும்.

பருத்தித்துறை:

"துடைத்துத் தொடங்கு" நல்லது. அதை எப்போது அழுத்தக் கூடாது என்றும் ஒரு பந்தி தேவை. பதிவேட்டில் "வேலை பூச்சியக் குறியோடு வெளியேறியது, ஆனால் முடிவுக் கோப்பு இல்லை, திரும்பத் திரும்ப நடந்தால் திட்டத்தை றீசெற் செய்ய வேண்டிவரலாம்" என்ற கருத்தில் ஆங்கில வரி வரும். அதைப் பார்த்துவிட்டு உடனே அழுத்துகிறார்கள். அந்த வரி ஒன்றிரண்டு தரம் வந்தால் ஒன்றும் செய்யத் தேவையில்லை, வேலை கடைசி மீள்நிலையிலிருந்து தானாகத் தொடரும். அடிக்கடி வந்தால் காரணம் பெரும்பாலும் வெளியில்: வன்தட்டு மூச்சுமுட்டி நிரலுக்கும் பொயிங்க்குக்கும் இடையிலான தொடர்பு 30 செக்கன் அறுந்திருக்கும், அல்லது வைரஸ் தடுப்பு மென்பொருள் கோப்பைப் பூட்டியிருக்கும், அல்லது கணினிக் கடிகாரம் திடீரென்று மாறியிருக்கும். சி டிரைவில் புரோகிராம்டேற்றா என்ற மறைந்த கோப்புறைக்குள் இருக்கும் பொயிங்க் கோப்புறையை வைரஸ் தடுப்பின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டு ஒரு நாள் பாருங்கள். பழைய மேசைக் கணினியில் நேரமும் திகதியும் ஒவ்வொரு முறையும் பின்னுக்குப் போனால் தாய்ப்பலகையில் உள்ள சிஆர் 2032 வட்டப் பற்றறியை மாற்ற வேண்டும்.

சாவகச்சேரி:

மீள்நிலைக்கு நானும் சரி. வங்கிக்காரர்கள் பிழைத்தார்கள்.

கோண்டாவில்:

அப்படியானால் இப்படி மாற்றுகிறேன். செக்பொயின்ற்: மீள்நிலை. முதல் தரம் வரும் இடத்தில் மட்டும் "மீள்நிலை, அதாவது செக்பொயின்ற்" என்று சேர்த்து எழுதுவேன், மேலாளர் ஆங்கிலத்தில் இருப்பதால் திரையில் உள்ளதைக் கண்டுபிடிக்க அது வேண்டும். சரிபார்ப்பு சேவையகத்துக்கு மட்டும். றீசெற்: துடைத்துத் தொடங்கு, கீழே எச்சரிக்கைப் பந்தியோடு. 60 செக்கன் வாக்கியமும் செயலி நேர வாக்கியமும் திருத்தப்படும். எடுத்துக்காட்டுப் படங்களில் இன்னும், வேற்றுலக உயிர்களைத் தேடிய செற்றி திட்டம் நிற்கிறது. அது 2020 பங்குனி முடிவோடு வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது, ஆகவே படங்களை ஐன்ஸ்டைன் திட்டத்தில் புதிதாக எடுக்க வேண்டும்.

பொயிங்க்கில் உள்ள "ஸ்னூஸ்" என்ற தெரிவு பற்றித் தனியே ஒரு மடல் போடுகிறேன். அது ஒரு மணித்தியாலம் மட்டும் நிறுத்திவிட்டுத் தானாகத் தொடங்கும், ஆகவே "இடைநிறுத்து" என்று எழுத முடியாது.