மறு: 'கிரவுன் ஷைனஸ்' – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

அடுத்தடுத்த மரங்களின் தழைகள் ஒன்றையொன்று தொடாமல் இடம் விட்டு நிற்பதை ஆங்கிலத்தில் 'கிரவுன் ஷைனஸ்' (மரமுடியின் கூச்சம்) என்கிறார்கள். மாணவர்களின் மலேசியப் பயணக் கையேட்டுக்காக இதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன்; இத்தனை பேர் யோசித்து எழுதியதற்கு நன்றி. முடிநாணம், முடிவிலகல், கவிகை இடைவெளி (கவிகை என்பது காட்டின் தழைக்கூரை) ஆகிய மூன்றும் வந்திருக்கின்றன.

பிள்ளைகள் பார்க்கப்போவது கோலாலம்பூரை ஒட்டிய கெப்போங்கில், மலேசிய வன ஆராய்ச்சி நிலையத்தின் காட்டை. ஈயம் தோண்டிய நிலத்திலும் காய்கறித் தோட்டங்களிலும் 1920களிலிருந்து நட்டு வளர்த்த மழைக்காடு அது. 2025இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே காப்பூர் என்னும் கற்பூரம் தரும் மரங்களுக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்த்தால், ஒரு மரத்தின் தழையும் அடுத்த மரத்தின் தழையும் எங்குமே தொடுவதில்லை. வற்றிய ஏரியின் களிமண் வெடிப்பைப் போல, தழைகளுக்கு நடுவே வானம் கோடு கோடாகத் தெரியும். நமக்குப் பெயர் வேண்டியது இதற்குத்தான்.

> 'நாணம்' அழகான சொல். மூலத்திலும் அந்தப் பொருள்தானே இருக்கிறது?

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இதன் காரணம் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. யூக்கலிப்டஸ் மரங்களை ஆராய்ந்த ஜேக்கப்ஸ், காற்றில் கிளைகள் உரசி நுனி மொட்டுகள் சிதைவதே காரணம் என்று 1955இல் எழுதினார். கெப்போங்கின் காப்பூர் மரங்களையே ஆராய்ந்த பிரான்சிஸ் இங் 1977இல் வேறு முடிவுக்கு வந்தார். உரசிய தடயமே அவருக்குக் கிடைக்கவில்லை. பக்கத்து மரத்தை நெருங்கும்போது வெளிச்சம் குறைவதால் தளிர் நுனி வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது என்று கருதினார். பிறகு 1984இல், கோஸ்டாரிகாவின் கண்டல் காடுகளை ஆராய்ந்தவர்கள் மறுபடி காற்றையும் உரசலையும் காரணமாகக் காட்டினார்கள். நாம் வைக்கும் பெயர் இரு தரப்புக்கும் பொருந்த வேண்டும். நாணம் என்று எழுதினால் மரம் தானே வெட்கப்பட்டு விலகுவதாக மாணவர் மனதில் பதிந்துவிடும். அதை அழிப்பது கடினம்.

> முடிவிலகல் என்றால் சிக்கல் இல்லையே?

வரிக்கு நடுவே வைத்துப் படித்துப் பாருங்கள்: 'இக்காட்டில் முடிவிலகல் தெளிவாகத் தெரிகிறது.' கண் முதலில் 'முடிவு' என்றே பிரிக்கிறது.

கவிகை இடைவெளியை நான் ஏற்காததற்குக் காரணம் வேறு. பெருமரம் ஒன்று சாய்ந்ததும் கூரையில் ஓட்டை விழும். வெளிச்சம் தரைக்கு இறங்கும். பல ஆண்டுகளாகக் குட்டையாகவே காத்திருந்த கன்றுகள் விறுவிறுவென எழும்பும். மழைக்காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் முக்கியமான வழி இது. இதைக் குறிக்கத்தான் கவிகை இடைவெளி வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் பாடமே குழம்பும்.

சரி, என் பரிந்துரை: தலையொதுங்கல். மொத்தக் கூரைக்குக் கவிகை, தனி மரத்தின் மேற்பகுதிக்குத் தலை. 'தலை விரிந்த மரம்' என்று சொல்கிறோமே, அந்தத் தலைதான். 'ஒதுங்கு' வெறும் இடம் விடுவதைச் சொல்கிறது, ஏன் விடுகிறது என்பதைச் சொல்வதில்லை. வினையாகவும் வளைந்து கொடுக்கிறது: தலையொதுங்கும் மரங்கள், தலையொதுங்கி வளர்ந்த தோப்பு.

அப்புறம், மரத்தின் பெயர். கற்பூர மரம் என்று போடலாமே என ஒரு அம்மா எழுதியிருந்தார். நீலகிரியில் யூக்கலிப்டஸைத்தானே கற்பூர மரம் என்கிறார்கள்? அதனால் காப்பூர் என்ற மலாய்ப் பெயரே இருக்கட்டும். பழைய காலத்தில் பொன்னுக்கு நிகராக மதிக்கப்பட்ட பாரூஸ் கற்பூரம் இந்த மரத்தின் உள்ளே படிகமாக உறைவதுதான். சுமத்திராவின் பாரூஸில் தமிழ் வணிகக் குழுவான ஐநூற்றுவர் 1088இல் கல்வெட்டே வைத்திருக்கிறார்கள். கையேட்டின் பண்பாட்டுப் பகுதியில் இது கட்டாயம் வர வேண்டும். மலேசியாவின் ஜொகூர் காடுகளில் கற்பூரம் தேடிப் போன ஜக்குன் பழங்குடி மக்களைப் பற்றியும் எழுத ஆசை. தேடும் நாட்களில் அவர்கள் அன்றாடச் சொற்களைத் தவிர்த்து, அதற்கென்றே வைத்திருந்த தனி மொழியில்தான் பேசுவார்கள்; மீறினால் கற்பூரம் கிடைக்காது என்பது நம்பிக்கை. இந்த வழக்கத்துக்கு மலாயில் 'பந்தாங் காப்பூர்' என்று பெயர். 'பந்தாங்' என்றால் விலக்கு. 'கற்பூர விலக்கு' என்று எழுதலாமா?

'தலை' உறுத்துகிறது என்பவர்கள் 'தழையொதுங்கல்' சரிப்படுமா என்று சொல்லுங்கள். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வியாழன் மாலைக்குள் எழுதினால் சேர்த்துவிடுவேன்.