ஊருக்கு வந்தும் மனசு மந்தமாகவே இருக்கிறது, நீங்கள் விடாமல் செய்கிற ஒரு பழக்கம் சொல்லுங்கள்

மூன்றாம்கட்டு:
வயது 36. சென்னையில் பதினோரு வருடம் ஐடி வேலை. வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டதால் போன சித்திரையில் செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் எங்கள் ஊருக்கே வந்துவிட்டேன். பெரிய வீடு, பங்காளிகள் எல்லோரும் வெளியூர், இருப்பது நானும் அம்மாவும்தான், முகப்பிலிருந்து அடுப்படிக்குப் போய் வந்தாலே ஒரு நடை ஆகிவிடும். சம்பளத்துக்குக் குறையில்லை, கடன் இல்லை. ஆனால் மதியம் மூன்று மணிக்கு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் உட்கார்ந்து முற்றத்து வெயில் தூணுக்குத் தூண் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஏனென்றே தெரியாத ஒரு அலுப்பு வருகிறது.

யூடியூப் பார்த்துவிட்டு விடியற்காலை 5 மணிக்கு எழுவது, தியானம், பச்சைத் தண்ணீர்க் குளியல், நன்றி எழுதுகிற நோட்டு என்று எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை ஆரம்பித்தேன். வியாழன் வரை தாங்கியது. நோட்டில் மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன், மூன்றிலும் "அம்மா போட்ட காபி நன்றாக இருந்தது" என்றுதான் இருக்கிறது. பட்டியல் வேண்டாம். உங்களுக்கு நிலைத்துப்போனது ஒன்றே ஒன்று சொன்னால் போதும்.

செக்காலை ஆச்சி:
தம்பி, எனக்கு 71 வயது. அவர் போன பிறகு எனக்கும் அந்த மூன்று மணிதான் பகை. காலையில் கோலம், சமையல், பூஜை என்று ஓடிவிடும், சாயங்காலம் கோயில் இருக்கிறது, நடுவில் கிடக்கிற அந்த இரண்டு மணி நேரத்தை என்ன செய்வது? டிவி போட்டால் தலைவலிதான் மிச்சம். அப்புறம் ஒருநாள் பரணில் அப்பத்தா பின்னிய கொட்டான் ஒன்று, அதுதான் ஓலைக்கூடை, கிடைத்தது, சாயம் போகாமல் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து நானும் பின்ன ஆரம்பித்தேன். பனையோலையை ஈரத்துணியில் சுற்றி வைத்தால்தான் மடங்கும், காய விட்டால் ஒடிந்துவிடும், அதனால் எடுத்த வேலையைப் பாதியில் போட்டுவிட்டு செல்லை எடுக்க முடியாது, கையும் சும்மா இருக்காது. முதலில் பின்னியது ஒரு பக்கம் சாய்ந்துபோய் நின்றது. இன்னும் அதில்தான் சின்ன வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், தனியாகச் செய்திருந்தால் நானும் நாலு நாளில் விட்டிருப்பேன். எதிர்வீட்டுப் பெண் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்று மணிக்கு வந்துவிடுவாள். அவள் வருவாளே என்று நான் உட்காருகிறேன், நான் உட்கார்ந்திருப்பேனே என்று அவள் வருகிறாள்.

பேரேடு:
வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்த நோட்டை ஏன் தூக்கிப் போட்டீர்கள்? எங்கள் ஐயா மலேயாவில் கடையில் இருந்தவர், ஊருக்கு வந்த பிறகும் படுக்கப் போகும் முன் அன்றாடக் கணக்கு எழுதாமல் இருந்ததில்லை, எழுத ஒன்றுமே இல்லாத நாளில்கூட தேதியாவது போட்டுவிட்டுத்தான் விளக்கை அணைப்பார். நான் அதே பாணியில் வரவு மட்டும் எழுதுகிறேன், நாளுக்கு மூன்று. இது என் சொந்தச் சரக்கு இல்லை. மார்ட்டின் செலிக்மன் என்ற அமெரிக்க உளவியலாளரும் சகாக்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு வாரம் தினமும் மூன்று நல்ல விஷயங்களை எழுதச் சொன்னார்கள், அதன் பலன் ஆறு மாதம் கழித்தும் தெரிந்தது. ஆனால் அதில் எல்லோரும் விட்டுவிடுகிற ஒரு பாதி இருக்கிறது: அந்த நல்லது ஏன் நடந்தது என்றும் எழுத வேண்டும். "காபி நன்றாக இருந்தது" என்பது வெறும் தொகை. "முட்டி வலியோடு அம்மா எழுந்து எனக்காகப் புது டிகாக்ஷன் இறக்கினார்" என்றால்தான் யார் கணக்கில் வரவு என்பது தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கொண்டுவிக்கிற காலத்தில், அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்குப் போன நாட்களில், லாபத்தில் மகமை என்று ஒரு பங்கைத் தர்மத்துக்கு எடுத்துவைப்பார்களே, நான் ஓய்வூதியத்தில் சிறியதாக எடுத்துவைக்கிறேன். பெரிய தர்மம் எதுவும் கிடையாது, போன மாதம் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பள்ளிக்கூடப் பை வாங்கினோம். அடுத்தவருக்குச் செலவழிக்கிற பணம் தனக்கே செலவழிப்பதைவிட அதிக சந்தோஷம் தருகிறது என்று 2008இல் ஒரு ஆய்வு வந்தது. அந்தப் பிள்ளை பையை மாட்டிக்கொண்டு தெருவில் மூன்று தரம் நடந்து காட்டினாள், எனக்கு அது போதும்.

ஆத்தங்குடி சிமெண்ட்:
பேரேடு அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். கடன் இருக்கிறவனுக்கு நோட்டில் எழுதி என்ன வரும்? வட்டி கட்டி முடித்த மாதம் நான் தூங்கிய தூக்கம் எந்தத் தியானத்திலும் வராது. மூன்றாம்கட்டு, உங்களுக்குத்தான் கடன் இல்லையே, அதனால் வேறு கேட்கிறேன்: நீங்கள் நாள் பூராவும் செய்த வேலையைச் சாயங்காலம் கண்ணால் பார்க்க முடிகிறதா?

நான் ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற பூக்கல் போடுகிறேன். கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் கலர் ஊற்றி, அச்சை மெதுவாகத் தூக்கி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, காய்ந்ததும் தொட்டித் தண்ணீரில் போட்டு எடுக்க வேண்டும். கண்ணாடியிலிருந்து கல் பிரிந்து வரும்போது பூ தெரியும் பாருங்கள், இத்தனை வருஷம் ஆகியும் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன். இடுப்பு வலிக்கிறது, சம்பளம் போதவில்லை, அது வேறு கதை. ஆனால் முடிந்தது என்றால் முடிந்தது. உங்கள் வேலை அப்படி முடியாதே, நாளைக்கும் அதே திரைதானே? தோட்டத்தில் நாலு கத்தரிச்செடியாவது வையுங்கள்.

ராத்திரி டூட்டி:
நான் நர்ஸ். சுருக்கமாகச் சொல்கிறேன், டூட்டிக்கு நேரமாகிவிட்டது. லண்டனில் 96 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், ஒரு பழக்கம் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது, சிலருக்கு 18 நாளிலேயே வந்துவிட்டது, சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் குடி முழுகவில்லை. நீங்கள் நான்கைந்து பழக்கத்தை ஒன்றாகத் தொடங்கி நாலு நாளில் தோற்றுவிட்டேன் என்கிறீர்கள். ஒன்றை எடுங்கள், ஏற்கெனவே தினமும் செய்கிற ஏதாவது ஒன்றின் வாலில் அதைக் கட்டுங்கள். மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவியதும் ஊருணி வரை நடை என்பது போல. வாரத்துக்கு 150 நிமிடம் உடம்பு அசைந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம், தினமும் இருபத்தைந்து நிமிடம்கூட ஆகவில்லை பாருங்கள்.

அப்புறம், இந்த அலுப்பு இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இருக்கிறது, பிடித்தது எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் மாறுகிறது என்றால் பழக்கத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. டாக்டரைப் பார்ப்பதும் தப்பில்லை.

மூன்றாம்கட்டு:
எல்லோருக்கும் நன்றி. தூக்கமும் பசியும் சரியாகத்தான் இருக்கின்றன, இருந்தாலும் எண்ணைக் குறித்துக்கொண்டேன். சிமெண்ட் அண்ணே, நீங்கள் கேட்டது சுருக்கென்று தைத்தது. பதினோரு வருடத்தில் நான் செய்ததில் கையால் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒன்றுகூட இல்லை.

ஆச்சி எழுதியதை நேற்று மதியம் அம்மாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டார், பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். உள்கட்டு அறையில் ஏதோ உருட்டுகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் சிவப்பும் பச்சையுமாக ஒரு மூடிபோட்ட கொட்டானைக் கொண்டுவந்து என் மடிக்கணினி மேல் வைத்தார். கல்யாணத்துக்கு முன்னால் அவரே பின்னியதாம். எனக்கு 36 வயதாகிறது, இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், "நீ எப்பக் கேட்ட?" என்கிறார்.

ஆச்சி, ஓலை எங்கே வாங்குகிறீர்கள்?

செக்காலை ஆச்சி:
கடையில் எதற்கு வாங்குகிறாய். உங்கள் ஊரில் மரம் ஏறுகிறவரிடம் சொல்லிவை, குருத்தோலையாக வெட்டித் தருவார். முற்றல் ஓலை வேண்டாம், கையை அறுத்துவிடும். சாயம் போடுவதை அம்மாவிடமே கேள். முதல் கொட்டான் சாய்ந்துதான் வரும், பிரித்துவிடாதே, போட்டோ போடு.