ஒரே இரவில் 12 ஒற்றை நட்சத்திரங்கள்: பதிலுக்கு வாக்குத் திரட்டுவது சரியா?

அம்மாபேட்டை வாசகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். வாசகர்களே எழுதி, வாசகர்களே நட்சத்திரம் இடும் ஒரு கதைத் தளத்தில் மூன்று ஆண்டுகளாக எழுதி வருகிறேன். தளத்தின் பெயரை இங்கே சொல்ல விரும்பவில்லை. என் அம்மாயி ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றில் காப்பிப் பழம் பறித்தவர். அவர் சொல்லக் கேட்டவற்றைக் கொண்டு 34 அத்தியாயங்களில் ஒரு தொடர்கதை எழுதி, தளம் நடத்தும் போட்டியில் சேர்த்தேன். வாசகர் மதிப்பீட்டில் முதல் 20 இடங்களுக்குள் வரும் கதைகளை மட்டுமே நடுவர்கள் படிப்பார்கள் என்பது போட்டியின் விதி.

நேற்று முன்தினம் இரவு வரை என் கதைக்கு 40 பேர் மதிப்பிட்டிருந்தார்கள். 30 பேர் ஐந்து, 8 பேர் நான்கு, இருவர் மூன்று நட்சத்திரங்கள் கொடுத்திருந்தார்கள்; சராசரி 4.7. படுக்கப் போகும்போது பதினோராம் இடத்தில் இருந்த கதை, காலையில் அறுபதுக்கும் கீழே கிடந்தது. இரவு ஒன்றரை மணிக்கும் இரண்டேகால் மணிக்கும் இடையில் 12 பேர் வந்து ஆளுக்கு ஒரு நட்சத்திரம் இட்டுச் சென்றிருக்கிறார்கள். அவர்களில் ஒன்பது பேரின் கணக்குகள் இந்த வாரத்தில்தான் தொடங்கப்பட்டவை. ஒருவரும் ஒரு வரிகூட விமர்சனம் எழுதவில்லை. முதல் அத்தியாயத்தைத் தவிர வேறு எந்த அத்தியாயத்தின் வாசிப்பு எண்ணிக்கையும் அன்றிரவு கூடவில்லை. 34 அத்தியாயங்களையும் படித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் நான் தலைவணங்கிக் கேட்டுக்கொள்வேன். படிக்காமலேயே கொடுத்த தீர்ப்பைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

இரண்டு வாரங்களுக்கு முன், ஒருவருக்கொருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்துக்கொள்ளும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேரும்படி எனக்கு அழைப்பு வந்தது. நான் மறுத்துவிட்டேன். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று எனக்குத் தெரியாது. இப்போது கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகன், விடுதி நண்பர்களைக் கொண்டு 30 கணக்குகள் தொடங்கி இன்று மாலைக்குள் 30 ஐந்து நட்சத்திரங்கள் போட்டுத் தருவதாகச் சொல்கிறான். நமக்கு இழைக்கப்பட்ட அநியாயத்தைச் சரிசெய்வதுதானே என்று வீட்டிலும் கேட்கிறார்கள். போட்டி முடிய இன்னும் எட்டு நாட்கள் உள்ளன. அவன் சொல்வதை ஏற்பது தவறா? தவறென்றால் வேறு வழி உண்டா?

அஸ்தம்பட்டி புள்ளியியல் ஆசிரியர் (ஓய்வு)

அம்மா, சரியா தவறா என்று பார்ப்பதற்கு முன், அது பலிக்குமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் 40 மதிப்பீடுகளின் கூட்டுத்தொகை 188. அதனோடு 12 ஒற்றை நட்சத்திரங்கள் சேர்ந்ததும் 52 பேருக்கு 200 என்றாகிச் சராசரி 3.85-க்கு இறங்கிவிட்டது. உங்கள் அக்காள் மகன் திரட்டும் 30 பேரும் ஐந்தே கொடுத்தாலும் அது 4.27 வரைதான் ஏறும். பழைய 4.7-ஐத் தொட வேண்டுமானால் இந்த 30 பேரையும் சேர்த்து மொத்தம் 148 பேர் வரவேண்டும். அவர்களில் ஒருவர்கூட நான்கு கொடுக்கக் கூடாது. முக்கால் மணி நேரத்தில் 12 பேர் செய்த சேதத்தை ஈடுகட்ட 148 பேர் தேவைப்படுவதற்குக் காரணம் எளிது: 4.7 என்ற உயரத்திலிருந்து மேலே ஏற 0.3 மட்டுமே இடம் இருக்கிறது, கீழே விழ 3.7 இருக்கிறது. எல்லோரும் ஐந்தையே வாரி வழங்கும் தளங்களில் இந்தச் சரிவு இன்னும் செங்குத்தாகிவிடுகிறது. யூடியூப் நிறுவனம் தன் காணொளிகளுக்கு வந்த மதிப்பீடுகளில் பெரும்பகுதி ஐந்து நட்சத்திரமாகவே இருப்பதை 2009-இல் வெளியிட்டுவிட்டு, அடுத்த ஆண்டே நட்சத்திரங்களைக் கைவிட்டு விருப்பம், விருப்பமின்மை என்ற இரண்டு பொத்தான்களுக்கு மாறியது.

சராசரிக்குப் பதிலாக இடைநிலை அளவை எடுத்திருந்தால் அந்த 12 பேரால் உங்கள் கதையை அசைத்திருக்க முடியாது. 52 மதிப்பீடுகளையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது அப்போதும் ஐந்துதான். ஆனால் அப்படி எடுத்தால் நூற்றுக்கணக்கான கதைகள் ஐந்து என்ற ஒரே இடத்தில் குவிந்துவிடும். அவற்றிலிருந்து 20 கதைகளைப் பிரித்தெடுக்க வழி இருக்காது. ஐஎம்டிபி தளம் தன் முதல் 250 படங்களின் பட்டியலுக்கு, குறைவான வாக்கு பெற்றவற்றைத் தளத்தின் பொதுச் சராசரியை நோக்கி இழுத்து நிறுத்தும் ஒரு சூத்திரத்தைப் பயன்படுத்தியது. மூன்று நண்பர்கள் கொடுத்த மூன்று ஐந்துகளோடு ஒருவர் முதலிடத்தில் போய் அமர்வதை அது தடுக்கும். உங்களுக்கு நேர்ந்ததைப் போன்ற தாக்குதலை அது தடுக்காது. எந்தச் சூத்திரமும் வாக்குகளை எண்ணத்தான் செய்யும். வாக்களித்தவர் கதையைப் படித்தாரா என்பதைப் பதிவேடுகளைத் திறந்து பார்த்தால்தான் அறிய முடியும்.

அப்படித் திறந்து பார்த்த நிகழ்வு ஒன்றைச் சொல்கிறேன். அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதுக்கு, கட்டணம் செலுத்திய உறுப்பினர்கள் வாக்களிக்கிறார்கள். 2024-இல் கிளாஸ்கோவில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டையொட்டிப் பதிவான 3,813 வாக்குச்சீட்டுகளில் 377-ஐ நிர்வாகிகள் செல்லாதவை என்று அறிவித்தார்கள். குடும்பப் பெயரின் முதல் எழுத்து மட்டும் அகரவரிசைப்படி மாறிக்கொண்டே போகும் வாக்காளர்களும், அடுத்தடுத்த எண்களின் மொழிபெயர்ப்பையே பெயராக வைத்திருந்த வாக்காளர்களும் வரிசையாக வந்ததுதான் அவர்களின் கண்ணில் பட்டது. அந்த வாக்குகள் யாருக்கு விழுந்தனவோ அவருக்கு இது தெரியும் என்பதற்குச் சான்று இல்லாததால், அவருடைய பெயரை அவர்கள் வெளியிடவும் இல்லை, அவரைப் போட்டியிலிருந்து நீக்கவும் இல்லை. நீங்களும் யார் மீதும் பெயர் சொல்லிக் குற்றம் சுமத்தாதீர்கள். அந்த 12 கணக்குகளின் பக்கங்கள், வாக்கு விழுந்த நேரம், அத்தியாயவாரியான வாசிப்பு எண்ணிக்கை ஆகியவற்றை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அந்தக் கணக்குகளே இல்லாமல் போகலாம்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை

அக்கா, உங்களுக்கு வந்ததைப் போன்ற ஓர் அழைப்பை ஏற்று, அப்படிப்பட்ட குழு ஒன்றில் ஏழு மாதங்கள் இருந்தவன் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு நீங்கள் முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

காலை ஆறு மணிக்கு அன்றைய லிங்குகள் பட்டியலாக வரும். இரவு பத்து மணிக்குள் எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம் இட்டு ஸ்கிரீன்ஷாட்டைப் பதிவிட வேண்டும்; இரண்டு நாட்கள் தவறினால் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள். தளம் வாசிப்பு நேரத்தையும் பார்க்கிறது என்று யாரோ சொன்னபிறகு, பட்டறையில் சலங்கை கோத்துக்கொண்டே கைப்பேசியைப் பக்கத்தில் வைத்து, படிக்காமலேயே விரலால் பக்கங்களைத் தள்ளிக்கொண்டிருப்பேன். ஒரே மாதிரி இருக்கக் கூடாது என்பதற்காக, “அருமை, அடுத்த பகுதிக்குக் காத்திருக்கிறேன்” என்பது போன்ற எட்டு வாசகங்களை ஒருவர் எழுதித் தந்திருந்தார்; அவற்றை மாற்றி மாற்றி ஒட்டுவோம். யாருடைய கதைக்கும் குறைத்து மதிப்பிடச் சொல்லி வெளிப்படையான உத்தரவு வந்ததில்லை. போட்டிக் காலத்தில் மட்டும், குழுவில் இல்லாத ஒருவருடைய லிங்கைப் போட்டு “இதையும் கவனியுங்கள்” என்று எழுதுவார்கள். அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். நானும் இரண்டு முறை ‘கவனித்திருக்கிறேன்’. அந்தக் கதைகளின் தலைப்புகூட இப்போது எனக்கு நினைவில்லை.

என் கதைக்கு அந்த ஏழு மாதங்களில் 212 ஐந்து நட்சத்திரங்கள் விழுந்தன. ஒருநாள் ஓர் அத்தியாயத்தைப் பதிவேற்றும்போது, இறந்துபோன ஒரு பாத்திரம் உயிரோடு பேசும் பழைய வரைவைத் தவறுதலாக ஏற்றிவிட்டேன். அன்றைக்கும் 30-க்கு மேற்பட்டவர்கள் அருமை என்று எழுதினார்கள்; ஒருவர்கூட அந்தப் பிழையைக் கேட்கவில்லை. அன்றிரவே குழுவிலிருந்து வெளியேறினேன். எங்கள் தொழிலில் ஒரு கொலுசு எவ்வளவு மெருகோடு இருந்தாலும், அதை உருக்கிப் பார்த்து எத்தனை டச், அதாவது வெள்ளி எவ்வளவு தூய்மை என்று சொல்லும்வரை விலை பேச மாட்டோம். என் கதையின் டச் என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த 30 கணக்குகளை உங்கள் கதைக்குள் விட்டுவிட்டால், இப்போது உங்களிடம் இருக்கும் 40 உண்மையான மதிப்பீடுகள் எவை என்று பிறகு உங்களாலேயே பிரித்துப் பார்க்க முடியாது.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர்

நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அதை மனம் திறந்து எழுதியதற்காக அவரை மதிக்கிறேன். கணக்குகள் தொடங்குவதில் உள்ள ஆபத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் அமெரிக்காவில், முதல் நாவல் வெளிவரவிருந்த ஓர் எழுத்தாளர், வாசகர்கள் நூல்களுக்கு நட்சத்திரம் இடும் குட்ரீட்ஸ் தளத்தில் போலிக் கணக்குகள் தொடங்கித் தன் நூலை உயர்த்தியும் சக புதிய எழுத்தாளர்களின் நூல்களைத் தாழ்த்தியும் மதிப்பிட்டது வெளியானது. பதிப்பகம் அவருடைய நூலையே கைவிட்டது. உங்கள் அக்காள் மகன் பிறரைத் தாழ்த்தப் போவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் தளத்தின் பதிவேட்டில் உங்கள் கதையோடு ஒட்டியிருக்கும் 30 போலிக் கணக்குகள் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை என்று யார் பிரித்துப் பார்ப்பார்கள்? நீங்கள் கொடுக்கப்போகும் புகாரின் வலிமையே அதனால் போய்விடும்.

போட்டி நடத்துபவர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. காப்பியைச் சுவைத்துத் தரம் பிரிப்பவர்களின் முன் வைக்கப்படும் கோப்பைகளில் எண் மட்டுமே இருக்கும். எந்தத் தோட்டத்துக் காப்பி என்பது சுவைத்து மதிப்பெண் எழுதி முடிக்கும்வரை அவர்களுக்குத் தெரியாது. கதைப் போட்டியில் எழுத்தாளரின் பெயர், இதுவரை விழுந்த நட்சத்திரங்கள், பட்டியலில் உள்ள இடம் அனைத்தையும் முன்னால் வைத்துவிட்டு மதிப்பிடச் சொல்கிறார்கள். போட்டி முடியும்வரை பெயரையும் எண்ணிக்கையையும் மறைத்துவைப்பது ஒரு தளத்துக்குக் கடினமான வேலையாக இருக்காது. கடைசி அத்தியாயம்வரை திறந்தவருக்கு மட்டுமே நட்சத்திரம் இடும் பொத்தானைக் காட்டுவதும் அப்படித்தான். பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போகும் விரலை அது நிறுத்தாது என்பதை அறிவேன். ஆனால் முக்கால் மணி நேரத்தில் 12 பேர் வந்துபோவதை நிறுத்தும்.

இன்னொன்றையும் நான் மறைக்கக் கூடாது, அம்மா. உங்களுக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்த இருவரில் நானும் ஒருவன். நீங்கள் கொடுத்த விவரங்களிலிருந்து அது எந்தக் கதை என்று தெரிந்துகொண்டேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் சித்திரை மாதத்தில் பெண்கள் பழம் பறிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் மலையில் அராபிகா வகைக் காப்பி பழுப்பது ஐப்பசிக்குப் பிறகுதான். பறிப்பு தை வரை நீளும். கோடை மழை விழுந்து செடி வெள்ளையாகப் பூத்து நிற்கும் காலம் பங்குனியும் சித்திரையும். மற்றபடி, சாக்கு நிறைந்ததும் எடை போடுபவர் முன்னால் நிற்கும் பெண்களின் பேச்சு, நான் சிறுவயதில் கேட்ட பேச்சாகவே இருந்தது. இதை அன்றைக்கே விமர்சனமாக எழுதியிருக்க வேண்டும். வெறும் மூன்றை இட்டுவிட்டுப் போனது என் தவறு.

வழக்கறிஞர், சேலம்

சுருக்கமாகச் சொல்கிறேன். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப இடைநிலையாளர் விதிகளின்படி, பயனர்கள் எழுதுவதை வெளியிடும் தளம் ஒவ்வொன்றும் ஒரு குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரங்களையும் வெளியிட வேண்டும். புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, 7 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவு திருப்தி அளிக்காவிட்டால் 30 நாட்களுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவை அணுகலாம். உங்கள் போட்டிக்கு எட்டு நாட்களே இருப்பதால், போட்டி அமைப்பாளருக்குத் தனியாக ஒரு மின்னஞ்சல் அனுப்பி, விசாரணை முடியும்வரை தரவரிசையை இறுதி செய்ய வேண்டாம் என்று கேளுங்கள். இணைய நுகர்வோர் மதிப்புரைகளுக்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தர ஆவணத்தை வெளியிட்டது. பொருட்களுக்கும் சேவைகளுக்கும் வரும் மதிப்புரைகளைப் பற்றியது அது, கட்டாயமும் அல்ல. எனவே அதை முதன்மை வாதமாக வைக்காமல், மதிப்புரை எழுதுபவர் உண்மையானவர்தானா என்று சரிபார்க்கும் முறைகள் நாட்டில் ஏற்கெனவே வகுக்கப்பட்டிருப்பதைக் காட்டுவதற்கு மட்டும் மேற்கோள் காட்டலாம்.

அம்மாபேட்டை வாசகி

எல்லோருக்கும் என் நன்றி. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அக்காள் மகனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அன்றே குறைதீர் அலுவலருக்கும் அமைப்பாளருக்கும் ஸ்கிரீன்ஷாட்டுகளோடு எழுதினேன். ஆறாம் நாள் பதில் வந்தது. 12 வாக்குகளில் புதிய கணக்குகளிலிருந்து விழுந்த ஒன்பதை நீக்கியிருக்கிறார்கள். மீதி மூன்றும் பழைய கணக்குகள் என்பதால் தொட முடியாது என்று எழுதியிருந்தார்கள். சராசரி 4.44 ஆகியிருக்கிறது. போட்டி முடிந்தபோது 27-ஆம் இடம். நடுவர்களிடம் கதை போகவில்லை. அது வலிக்கத்தான் செய்கிறது. வாக்கு விழுந்த இரவே யாராவது பதிவேட்டைப் பார்த்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றும், அடுத்த போட்டியிலாவது எண்ணிக்கையை மறைத்து வைக்கும்படியும் மீண்டும் எழுதியிருக்கிறேன்.

ஏற்காட்டு ஐயாவுக்கு: ஒன்பதாம் அத்தியாயத்தை மார்கழிக்கு மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மாயி சொன்னது பூத்த காலத்தின் களையெடுப்பைப் பற்றி என்றும், நான்தான் அதைப் பறிப்பு என்று புரிந்துகொண்டேன் என்றும் இப்போது தோன்றுகிறது. பறித்த பழத்தை அன்றைக்கே ஊற வைப்பார்களா, மறுநாள் வரை குவித்து வைப்பார்களா என்பதை மட்டும் சொல்லுங்கள். திருத்திய அத்தியாயத்தைப் படிக்கும்வரை உங்கள் மூன்று நட்சத்திரங்களை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.