ஐசிஎஃப் சுவரில் ஜன்னலுக்கு அடியில் போடும் கல்: ஒரே பலகையா, இரண்டா?

கிருஷ்ணகிரி_புதுமனை:
ஐசிஎஃப் முறையில் (தெர்மாகோல் அச்சுக்குள் கான்கிரீட் ஊற்றி, அச்சை அப்படியே சுவரோடு விட்டுவிடுவது) வீடு எழும்புகிறது. சுவரில் வெளியே 65 மி.மீ. தெர்மாகோல், நடுவில் 150 மி.மீ. கான்கிரீட், உள்ளே மறுபடி 65. ஜன்னல் 1200 மி.மீ. அகலம், 60 மி.மீ. யுபிவிசி ஃப்ரேம். உள்ளிருந்து வெளி வரை 20 மி.மீ. கிரானைட்டை ஒரே பலகையாகப் போட்டு, மேலே ஃப்ரேமை வைத்து, சுற்றி சிலிக்கான் அடித்தால் போதும் என்கிறார் மேஸ்திரி. இந்தச் சுவருக்கு அது சரிவருமா? மேற்கு ஜன்னல்களில் சாரல் நேராக அடிக்கும்.

ஓசூர்_சைட்:
வேண்டாம் சார், வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என இரண்டு பலகையாகப் போடுங்கள். தெர்மாகோலைவிட கிரானைட் ஏறக்குறைய எண்பது மடங்கு வெப்பம் கடத்தும். சுவர் முழுக்க காசு போட்டு சூட்டை நிறுத்திவிட்டு, ஜன்னலுக்கு அடியில் வழி விட்ட கதையாகிவிடும். தண்ணீரும் அப்படித்தான்: ஒரே பலகை என்றால் ஃப்ரேமுக்கு அடியில் நுழைந்தது நேரே உள்ளே வரும். சிலிக்கான் எங்காவது ஓரிடத்தில் விட்டே தீரும். விட்டாலும் தண்ணீர் வெளியே போகிற மாதிரி அடியில் வாட்டம் இருக்க வேண்டும்.

முதலில் அடிப்பக்கக் கான்கிரீட்டைத் தட்டிப் பாருங்கள். ஜன்னலுக்குக் கீழேதான் கலவை சரியாக இறங்காமல் பொந்து விழும். இருந்தால் நான்-ஷ்ரிங்க் கிரவுட்டால் (காய்ந்தாலும் சுருங்காத சிமென்ட் கலவை) அடையுங்கள். ஃப்ரேமின் வெளிமுகம் கான்கிரீட் விளிம்பிலிருந்து 20 மி.மீ. உள்ளே நிற்கட்டும். ஃப்ரேம் வரும் இடத்தில் 50 மி.மீ. அகலம், 30 மி.மீ. கனத்தில் எக்ஸ்பிஎஸ் (தெர்மாகோலைவிடக் கெட்டியான நுரைப் பலகை) பட்டையை ஒட்டுங்கள்; பட்டையின் வெளி விளிம்பு ஃப்ரேமைவிட 10 மி.மீ. உள்வாங்கி இருந்தால் ஃப்ரேமில் வழியும் தண்ணீர் கல் மேல் சொட்டும். பட்டைக்கு வெளியே இருக்கும் தெர்மாகோலை வெளிப்பக்கம் 10 மி.மீ. சரிகிற மாதிரி தேய்த்து வாட்டம் கொடுங்கள். வெயிலில் கிடந்து மஞ்சளாகிப் பொடி உதிரும் தெர்மாகோல் என்றால் அந்தத் தோலைத் தேய்த்து எடுக்காமல் எதுவும் ஒட்டாது.

ஜன்னலின் இந்த அடிப்பரப்பு முழுவதற்கும் பாலிமர் சிமென்ட் பூச்சு இரண்டு கோட், இடையில் கண்ணாடி இழை வலை. பக்கச் சுவரில் 150 மி.மீ. ஏறணும், வெளிமுகத்தில் 75 மி.மீ. இறங்கணும். ஃப்ரேமுக்குப் பின்னால் 25 மி.மீ. அலுமினிய எல்-பட்டையைப் பூச்சுக்குள் பதித்தால் அதுதான் உள்பக்க அணை. மூலையில் வலையை வெட்டாமல் மடியுங்கள். ஒரு ஜன்னலுக்கு இரண்டு கிலோ பூச்சு தாராளம்.

காய்ந்ததும் வெளி விளிம்பைக் களிமண்ணால் அடைத்து, தண்ணீர் ஊற்றி 15 நிமிடம் பாருங்கள். உள்ளே ஈரம் தெரியாவிட்டால் மட்டும் ஃப்ரேமை வையுங்கள்.

கிருஷ்ணகிரி_புதுமனை:
நன்றி சார். பூச்சுக்குப் பதில் தார் ஷீட்டை பர்னரில் காய்ச்சி ஒட்டலாமா? மேஸ்திரியிடம் ஒரு ரோல் மீதம் இருக்கிறது.

ஓசூர்_சைட்:
கூடவே கூடாது. பர்னர் பட்டால் தெர்மாகோல் உருகிக் குழியாகும், தீயும் பிடிக்கும். சால்வென்ட் கலந்த தார் பிரைமரும் தெர்மாகோலைத் தின்றுவிடும். மேலே ஷீட் நன்றாக இருக்கும், அடியில் வெறும் பள்ளம்.

பர்கூர்_கல்பட்டறை:
கல் கணக்கு நான் சொல்றேன் அண்ணா. வெளிப்பலகை 1188 x 150 மி.மீ. ரெண்டு பக்கமும் 6 மி.மீ. இடைவெளி, அதுல பேக்கர் ராடு (சந்துக்குள்ள திணிக்கிற நுரைக் கயிறு) வச்சு நியூட்ரல் சிலிக்கான். புளிச்ச வாடை அடிக்கிற சிலிக்கான் வாங்காதீங்க, சிமென்ட்ல சரியா நிக்காது. கல்லு பத்து கிலோ கிட்ட வரும்.

அடியில முன் விளிம்புலேர்ந்து 15 மி.மீ. தள்ளி 8 மி.மீ. அகலம், 6 மி.மீ. ஆழத்துல காடி (தண்ணி சொட்டி விழுறதுக்கான நீளப் பள்ளம்) போடணும். பட்டறையிலேயே போட்டு வாங்கிடுங்க, சைட்ல போட்டா விளிம்பு பிசிறும். காடி இல்லன்னா தண்ணி கல்லோட அடியைப் பிடிச்சுக்கிட்டே சுவருக்கு வரும். எல்லாரும் கோட்டை விடுற இடம் ஒண்ணு இருக்கு: முன்னால 40 மி.மீ. நீட்டலை பூச்சு முடிஞ்ச சுவர்லேர்ந்து அளக்கணும். வெறும் தெர்மாகோல்லேர்ந்து அளந்தா, பூச்சு கனம் ஏறினதும் நீட்டல் குறைஞ்சு காடி சுவரோட ஒட்டிக்கும்.

மேற்குப் பக்கம்னா கருங்கல் வேணாம், வெளிர் சாம்பல் எடுங்க. இந்த அகலத்துக்கு கட்டிங் பீஸே கிடைக்கும், முழு ஸ்லாப் வாங்க வேண்டியதில்ல.

தர்மபுரி_ஜன்னல்:
பலகைக்கு அடியில் பசையைக் கோடு கோடாக, உள்ளிருந்து வெளியாகத் தடவ வேண்டும். சுவருக்கு இணையாக நீளவாக்கில் ஒரு கோடு இழுத்தால் அதுவே அணையாகி, பூச்சு மேல் வந்த தண்ணீர் கல்லுக்கு அடியில் தேங்கும்.

ஃப்ரேமை அடியில் துளையிட்டு இறுக்காதீர்கள், போட்ட பூச்சு ஓட்டையாகும். பக்கவாட்டில் மட்டும், மூலையிலிருந்து 150 மி.மீ. விட்டு, 600 மி.மீ.க்கு மிகாத இடைவெளியில் ஆங்கர் (சுவருக்குள் இறுகும் போல்ட்). தெர்மாகோலில் அல்ல, கான்கிரீட்டில் 40 மி.மீ. இறங்க வேண்டும். ஃப்ரேமைச் சுற்றியுள்ள சந்தில் அடிக்கும் ஃபோம் குறைவாக உப்பும் வகையாக இருக்கட்டும். சாதா ஃபோம் ஃப்ரேமை வளைத்து, கதவு உரசும்.

வெளியே ஃப்ரேமுக்கும் கல்லுக்கும் இடையில் வரும் 8 மி.மீ. சந்தை முழுக்க அடைக்காமல் தண்ணீர் வெளியேற 25 மி.மீ. அளவில் இரண்டு வாய் விடுங்கள். ஃப்ரேமின் முன்முகத்தில் தண்ணீர் வடியும் துளைகளை ஓட்டை என்று நினைத்து சிலிக்கான் வைத்து மூடும் பெயின்டர்கள் உண்டு, அவர் வரும் அன்று பக்கத்தில் நில்லுங்கள். உள்பலகை மட்டமாகவே இருக்கலாம், அணைக்கு 5 மி.மீ. தள்ளி.